பத்து மணங்கு மூன்று வீசைக்கு ஒரு பலகை

குரோதன வருஷம், ஐப்பசி 5

இன்று காலை கண்மாயில் மூழ்கினேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் மூழ்கியவன் நான் என்பதால் தண்ணீர் கரையேறிப் போய், இரண்டு பர்லாங்கு தள்ளி மேய்ந்த எருமைகள் நின்ற இடத்திலேயே நீந்தத் தொடங்கின என்று ஊரில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

என் சரித்திரத்தைப் பிற்காலத்தில் பாடப்போகும் புலவர்கள் குழம்பிவிடக் கூடாது. ஆகவே விவரம். நான் நெற்குப்பைப் பக்கத்துக்காரன். மூழ்கிய கண்மாய் இளையாத்தங்குடிக்குத் தெற்கே, என் தங்கச்சி பொன்னுத்தாயி வாழ்க்கைப்பட்ட ஊரில் இருக்கிறது. அதற்கு வடமடை ஒன்று, தென்மடை ஒன்று. மழை பொய்த்து, நடுக்கண்மாயில் நிற்கும் குறிக்கல் மூழ்காத வருஷத்தில் இரண்டு மடையையும் ஒன்றாகத் திறக்கமாட்டார்கள். வடகரைக்கு ஒருவன், தென்கரைக்கு ஒருவன். ஆளுக்கொரு பலகைமேல் நின்றபடி துடுப்புப் போட்டு வடகோடியிலிருந்து, மிஞ்சின தண்ணீர் வழிகிற தென்கோடிக் கலுங்குக்கு வரவேண்டும். கலுங்குக் கல்லை எவன் முதலில் தொடுகிறானோ அவன் கரைக்கு முதல் மடை. மற்றக் கரை பத்து நாள் வாயைப் பிளந்துகொண்டு இருக்கவேண்டியதுதான். பலகை ஒற்றை மரமாக இருக்கவேண்டும், பல மரங்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. முழங்கால் பலகையில் பட்டால் தோற்றான்.

தென்கரையில் இந்த வருஷம் முறை பொன்னுத்தாயி வீட்டுக்கு. மாப்பிள்ளை முத்தப்பன் போன ஆனியில் காய்ச்சலில் போய்விட்டார். மகனுக்கு வயது இரண்டு. வீட்டில் ஆம்பளை இல்லையென்றால் அந்தப் பெண்ணின் கூடப்பிறந்தவன் பலகை ஏறவேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

ஆகவே நான்.

முத்தப்பனுடைய பலகை ஐந்து முழ நீளம், ஒன்றரைச் சாண் அகலம், மூன்று விரல் தடிமன். மனிதர் அகத்திக்கீரைக் காம்பு மாதிரி இருப்பார், அவருக்கு அது கப்பல். நான் வலது காலை வைத்தேன். பலகை ஒரு வார்த்தை பேசாமல் கீழே போய்விட்டது. இடது காலை வைக்க இடமே இல்லை.

“மாமா, தண்ணிக்குள்ள என்னத்தத் தேடுறீக?” என்று கரையிலிருந்து தங்கச்சி மகள் ஆயி கேட்டாள். ஏழு வயதுக்கு வாய் எழுபது முழம்.

“மடையைப் பூட்டின சாவி விழுந்துருச்சு ஆத்தா.”

“ஆப்புட்டுச்சா?”

இல்லை.

ஐப்பசி 6

நேற்று வேடிக்கையாக எழுதிவிட்டேன். இன்று அப்படி வரவில்லை.

பொன்னுத்தாயியின் நிலம் தென்மடையின் கடைசியில் கிடக்கிறது. ஐப்பசி முதல் தேதியே கிணற்றுத் தண்ணீரை இறைத்து நாற்றுப் பாவிவிட்டாள். பந்தயம் கார்த்திகை பத்து. அன்றைக்கு நாற்றுக்கு நாற்பது நாள். தென்மடை முதலில் திறந்தால் நட்டுவிடலாம். பத்து நாள் தள்ளிப்போனால் நாற்று முற்றிக் கணு விட்டுவிடும். நட்டும் பயனில்லை, மாட்டுக்குத்தான் போடலாம்.

இதில் குழந்தைவேலு வேறு. முத்தப்பனின் அண்ணன், பாகம் பிரிந்தவர். அவர் வயல் மடைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கரைக் கசிவே அவருக்குப் போதும். ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னாராம்: “இந்த ஒரு வெள்ளாமைய அது எடுத்துட்டா அதுவே செய்யட்டும். எடுக்கலையா, நான் உழுதுக்கிறேன். வருசத்துக்குச் சோத்து நெல்ல அளந்துர்றேன்.” கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்லவும் முடியாது. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பொன்னுத்தாயி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: “அளந்து போடுறத வாங்கித் திங்கிறதுக்கு எனக்கு ரெண்டு கை எதுக்குண்ணே?”

எழுந்து கண்மாய்க்கரையில் நடந்தேன். வடகோடிவரை போய்த் திரும்பி, மறுபடி போய்… எதற்கு நடந்தேன்? நடந்தால் நான் மெலிந்துவிடுவேனா?

ஐப்பசி 8

மலையாண்டி ஆசாரியைப் பார்த்தேன். செட்டிமார் வீடுகளுக்கு நிலை செதுக்குகிறவர். “நிலையில யானை செதுக்கிருக்கேன் அய்யா. யானைக்குப் பலகை செதுக்குறது இதுதான் மொதத் தடவை” என்றார். அந்த யானைகளை எல்லாம் என்னைப் பார்த்துத்தான் செதுக்கினாய் என்று ஊரே சொல்கிறதே என்றேன்.

போன மாதம் சாய்ந்த இலவமரம் ஒன்று அவர் பட்டறையில் கிடக்கிறது. இலவு லேசான மரம். தேக்கு தேவலோகத்து மரம்தான், ஆனால் என்னோடு சேர்ந்து அதுவும் பாதாளத்துக்கு வரும் என்று அவரே சொல்லிவிட்டார்.

பிறகு கேட்டார்: “நிறை எவ்வளவு அய்யா? அதுக்குத் தக்கனதான் தடிமன் வைக்கணும்.”

அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேலு நுகத்தடி செப்பனிட வந்து நின்றார். அவர் கண் என் வயிற்றின்மேல் இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: “எட்டு மணங்கு.”

ஆசாரி தலையைச் சாய்த்து ஒரு தரம் பார்த்தார். “எட்டா?”

“எட்டு.”

“நாலு விரல் தடிமன் வைக்கலாம்” என்றார்.

எட்டு மணங்கு நான் எப்போது இருந்தேன்? கல்யாணத்தின்போது. அதுவும் மாலையில்லாமல்.

ஐப்பசி 9

மேகம் வந்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது. குறிக்கல் மூழ்குமளவு மழை பெய்தால் பந்தயமே இல்லை, இரண்டு மடையும் திறக்கும். வருணனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். பெரிய பானையில்.

ஐப்பசி 15

புதுப்பலகை வந்தது. ஏழு முழ நீளம், இரண்டு சாண் நாலு விரல் அகலம், நாலு விரல் தடிமன். வாழையிலை மாதிரி வழவழவென்று. ஊரே கரையில் நின்றது.

ஏறினேன். நின்றேன்! இதை எந்தக் கல்வெட்டிலும் வெட்டலாம்: உடையப்பன் தண்ணீரின்மேல் நின்றான். ஆனால் பலகை யாருக்கும் தெரியவில்லை. கணுக்கால்வரை தண்ணீர். பார்க்கிறவர்களுக்கு நான் சித்தர் மாதிரி நீர்மேல் நிற்பதாகத் தோன்றியிருக்கும். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்று சத்தியம் பண்ணுவேன். துடுப்பைப் போட்டேன். ஒரு அடி போனேன். இன்னொரு துடுப்பு. பின்புறம் தாழ்ந்து முன்மூக்கு வானத்தைப் பார்த்தது. அப்புறம் நானும் வானத்தைத்தான் பார்த்தேன், மல்லாந்து.

வடகரைக்கு நிற்கப்போகும் செம்மலை அங்கேதான் இருந்தான். இருபத்திரண்டு வயது, உளுவைமீன் மாதிரி உடம்பு. “மாமா, நீங்க மெதுவா வாங்க. நான் மடையத் திறந்து நடவும் முடிச்சிட்டு வந்து கையக் குடுக்குறேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை. பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டு மணங்குக்கு இது இம்புட்டு அமுங்காதே…” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பொன்னுத்தாயி காதில் விழுந்துவிட்டது.

ஐப்பசி 16

“எட்டுன்னா சொன்னீக?”

“ஏறக்குறைய.”

“ஏறவா, குறையவா?”

வறட்டி தட்டிக்கொண்டிருந்த பொன்னுத்தாயி கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். “ஒங்க வெக்கம் பெருசாண்ணே, என் நாத்துப் பெருசா? சொல்லுங்க. வெக்கந்தான் பெருசுன்னா இன்னிக்கே ஊருக்குப் போயிருங்க. நான் அவுக அளந்து போடுறத வாங்கிக்கிறேன்.”

என்மேல் இப்படிக் கத்தியவள் இல்லை அவள். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவள்.

எனக்கு என்ன வந்தது? எதுக்குடா சொன்னே? ஒரு மனுசன் வயித்தப் பாத்தான்னு… த்தூ.

நாளை மறுநாள் செக்காலைக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டாள்.

ஐப்பசி 18

காரைக்குடி செக்காலையில் உப்பு மண்டி ஒன்று இருக்கிறது. மூட்டை மூட்டையாக நிறுக்கிற பெரிய தராசு, சங்கிலி போட்டு விட்டத்தில் தொங்குகிறது. பொன்னுத்தாயி முன்னே போய் மண்டிக்காரரிடம், “எங்கண்ணன நிறுக்கணும்” என்றாள், அரைவீசைப் புளி கேட்கிற மாதிரி.

உட்கார்ந்தேன். தட்டு தரையில் இடித்தது. எதிர்த் தட்டில் கல் வைத்தார்கள். எட்டு மணங்கு வைத்தபோது எதிர்த் தட்டு ஆகாயத்தில் இருந்தது. ஒன்பது. அப்படியே இருந்தது. தெருவில் போன வண்டிகள் நின்றன. பத்து. லேசாக அசைந்தது. “இன்னும் வைங்க” என்றாள். ஒரு வீசை, இரண்டு வீசை, மூன்று. முள் நேரே வந்து நின்றது.

எட்டு வீசை ஒரு மணங்கு. ஆகப் பத்து மணங்கு மூன்று வீசை.

“கோயில் துலாபாரமா ஆத்தா? என்ன வேண்டுதல்?” என்று கேட்டாள் ஒரு கிழவி.

“தண்ணி வேண்டுதல்” என்றாள் பொன்னுத்தாயி.

மண்டிக்காரர் கல்லை இறக்கிக்கொண்டே, விட்டம் விரிசல் விட்டிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். பர்மாத் தேக்கு விட்டம்; ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து என்னால் முறிந்தது என்று பெயர் வாங்கப் பார்த்தது. முறியவில்லை. எனக்குக்கூட ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது வண்டியில் இருவரும் கடலை தின்றோம். அவள் பாதியை எடுத்து என் மடியில் போட்டாள். ஆக, இன்னும் இரண்டு பலம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி 20

ஆசாரியிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். பிறகு ஏன்யா வெட்டினாய்? “சொன்ன நிறைக்குத்தான் வெட்டமுடியும். பாத்த நிறைக்கு வெட்டினா மனசு சங்கடப்படுவீக.” இந்த ஊரில் எல்லோரும் என் மனசைக் காப்பாற்றியே பொன்னுத்தாயியைக் கவிழ்த்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அடிமரத்தில் இன்னும் ஒரு பலகைக்கு இடம் இருக்கிறது. ஒன்றுக்குத்தான். தப்பினால் வேறு மரம் கிடையாது.

அகலத்தைக் கூட்டிவிடுவோம், நாலு சாண், கட்டில் மாதிரி, சாமரம் வீச இரண்டு பேரும் நிற்கலாம் என்றேன். அவர் வாதாடவில்லை. ஆறு வாழைத்தண்டைச் சேர்த்துக் கட்டி, கட்டில் அகலத்துக்குத் தெப்பம் ஒன்று செய்து தண்ணீரில் விட்டு, “ஏறுங்க” என்றார். ஏறினேன். ஆடவில்லை, அசையவில்லை, அதன்மேல் கல்யாணமே நடத்தலாம். துடுப்புப் போட்டேன். போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். கரையோரம் நடந்த ஆமை ஒன்று என்னைத் தாண்டிப் போனது. தண்ணீரை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இரண்டு தோளும் விட்டுப்போயிற்று.

“அகலம் நிக்கிறதுக்கு, நீளம் ஓடுறதுக்கு, தடிமன் தூக்குறதுக்கு” என்றார் ஆசாரி. “ஒங்களுக்கு நிக்கவும் தெரியும், ஓடவும் செய்வீக. தூக்கத்தான் ஆளில்லை.”

நீளமும் அகலமும் முன்பு போலவே. தடிமன் மட்டும் ஏழு விரல்.

ஐப்பசி 22

இரண்டு நாளாகக் கேப்பைக் கூழ் மட்டும். கனவில் ஆட்டுக்கால் ஒன்று நடந்து வந்து, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனது.

ஐப்பசி 23

கூழை நிறுத்தச் சொல்லிவிட்டாள் பொன்னுத்தாயி. “பலகை நிறைக்குத் தக்கன வெட்டியாச்சு, இனிமே நிறையக் கொறைச்சு என்னத்துக்கு? தெம்பு வேணும். திங்கிறீகளா, ஊட்டட்டுமா?” உத்தரவை மீறவில்லை. பதினொரு இட்டிலி. பத்து என்று எழுத நினைத்தேன். இனிமேல் எண்ணிக்கையில் பொய் சொல்வதில்லை.

ஐப்பசி 26

பலகை தயார். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஏறினேன். இரண்டு விரல் தண்ணீருக்கு மேலே நின்றது! கால் நனையவில்லை! நடுவுக்கு ஒரு சாண் பின்னே நின்றால் மூக்கும் தூக்கவில்லை, வாலும் தாழவில்லை. அந்த இடத்தில் என் இரண்டு பாதத்தையும் வைத்துக் கரிக்கோடு போட்டார் ஆசாரி. துடுப்பை இழுத்தால் ஒரு இழுப்புக்கு இரண்டு முழம் சறுக்கிப் போகிறது. சொன்னால் நம்பமாட்டார்கள்; குறிக்கல்லைச் சுற்றி வந்தேன். மூன்று முறைதான் விழுந்தேன்.

பொன்னுத்தாயி கரையில் நின்று பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கோழி அடித்துவிட்டாள்.

ஐப்பசி 28

வீட்டுக்காரியைப் பார்க்க நெற்குப்பை போயிருந்தேன். அங்கே செட்டியார் ஒருவர் வீடு கட்டுகிறார். ஊருணியில் வேம்பும் பனையுமாக மரங்களை ஊறப்போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் ஊறினால் மரத்தின் பால் வடிந்து இறுகும், வெடிக்காது, பூச்சி அரிக்காது. இது குழந்தைக்கும் தெரியும். அவ்வளவு பெரிய பலகையைப் பச்சையாகவா பந்தயத்துக்கு விடுவது? உடனே திரும்பி வந்து, யாருக்கும் சொல்லாமல் பலகையை நானே இழுத்துப் போய் இந்த ஊர் ஊருணியில் இறக்கி, மேலே நான்கு கல் ஏற்றிவிட்டேன். ஐந்து நாளாவது ஊறட்டும். ஆசாரிக்கே தோன்றாத யோசனை. என் மூளையையும் ஒரு நாள் தராசில் வைக்கவேண்டும்.

கார்த்திகை 3

ஐயோ.

இரண்டு பேர் தூக்கிய பலகையை இன்று ஐந்து பேர் தூக்கினோம். தண்ணீர் சொட்டவில்லை, ஊற்றியது. கண்மாயில் போட்டு ஏறினேன். கணுக்கால் நனைந்தது. நாலு விரல் பலகையே தேவலை என்கிற மாதிரி.

ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “நிலைக்கதவு மரமாய்யா இது? இலவுய்யா. பஞ்சு காய்க்கிற மரம்… உடம்பும் பஞ்சுதான்யா.” என்னை ‘அய்யா’ என்பவர் ‘யா’வுக்கு இறங்கிவிட்டார். இறங்கட்டும்.

தொண்டியிலிருந்து கருவாடு கொண்டுவரும் மீனம்மாள் கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தாள். “மரத்த ஊறவா போட்டீக? நாங்க கரைக்கு வந்ததும் கட்டுமரத்தக் கட்டவுத்துத் தனித்தனியா வெயில்ல போட்டுருவோமே. ஊறுன மரம் செத்த மரம். கட்டைய நிமித்தி, காத்துப் படுற மாதிரி சாத்துங்க. மணிக்கு ஒருக்கா பெரட்டுங்க. காஞ்சதும் மீனெண்ணெயத் தடவுனா மறுபடி குடிக்காது.”

“ஏழு நாளில் காயுமா தாயி?”

அவள் பலகையைத் தட்டினாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

பொன்னுத்தாயிக்கு நானே போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். நாற்றங்காலுக்குப் போய் நின்றுகொண்டாள். நாற்று முழங்கால் உயரம் வந்துவிட்டது. பச்சைப் பசேலென்று. அதற்கு ஒன்றும் தெரியாது.

கார்த்திகை 5

பலகையைப் புரட்டுவதே தொழில். அப்பளம் சுடுகிற மாதிரி. வேப்பமரத்தடியில் சாத்தி, வெயில் நகர நகர நானும் நகர்த்திக்கொண்டு… உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

மழையை வேண்டிக்கொண்டிருந்தேனே, இப்போது எதை வேண்டிக்கொள்வது? கொட்டித் தீர்த்தால் பந்தயம் இல்லை, பிழைத்தோம். தூறல் போட்டால் பலகை நனையும், குறிக்கல் மூழ்காது, செத்தோம். வருணா, பெய்தால் பெய், இல்லையென்றால் சும்மா இரு. நடுவில் நின்று விளையாடாதே.

மதியம் தூறல்.

பாய், போர்வை, என் வேட்டி, பொன்னுத்தாயியின் கண்டாங்கிச் சேலை எல்லாவற்றையும் பலகைக்குப் போர்த்தினோம். கோவணத்தோடு நான் நனைந்தேன். ஆயி கைகொட்டிச் சிரித்தாள். பொன்னுத்தாயியும்… ஆமாம், அவளும்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன்.

கார்த்திகை 7

குழந்தைவேலு வந்தார். பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “மாப்ள, தோத்தாலும் மனசு விட்டுறாதீக. நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்” என்றார்.

“மச்சான், ஒங்கள வேலைவாங்க எங்களுக்கு மனசு வரலை” என்றேன். நல்ல பதில்தான். சொல்லிவிட்டுப் பலகையைப் புரட்டப் போய்விட்டேன்.

கார்த்திகை 9

இன்று மூன்று பேர் தூக்கினார்கள். பழைய லேசு வரவில்லை. மீனெண்ணெய் தடவியாயிற்று, நாற்றத்தில் ஊர்ப் பூனைகள் எல்லாம் எனக்குப் பரிவாரம். ஏறிப்பார்த்ததில் ஒரு விரல் மேலே நிற்கிறது. ஒரே ஒரு விரல். “அலையில்லாட்டி நிக்கும்” என்கிறார் ஆசாரி. அலை இருந்தால் என்று நான் கேட்கவில்லை.

கரையில் நாலு நடை நடந்தேன். செம்மலை பழகுவதைப் பார்த்தேன். தண்ணீர்ப்பாம்பு போகிற மாதிரி போகிறான். பார்த்திருக்கக் கூடாது.

சாப்பாட்டின்போது பொன்னுத்தாயி சொன்னாள்: “தோத்துட்டா ஊர்க்காரக முன்னாடி எதையாவது உளறிச் சிரிக்க வைக்காதீகண்ணே. பேசாம வீட்டுக்கு வந்துருங்க.” சரி என்றேன்.

கார்த்திகை 10

முதல் மடை நமக்கு.

நாளை எழுதுகிறேன்.

கார்த்திகை 11

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். பெரிதாக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்துவிட்டது, அதுவே ஒரு கஷ்டம்.

கொம்பு ஊதினதும் செம்மலை போய்விட்டான். போய்விட்டான் என்றால் போயே விட்டான். நான் பத்துத் துடுப்புப் போடுவதற்குள் அவன் முதுகு சின்னதாகிவிட்டது. குறிக்கல்லை அவன் தாண்டும்போது இரண்டு கை விரித்த நீளம் ஒரு பாகம் என்றால், எனக்கும் அவனுக்கும் முப்பது பாகம் இருக்கும். கரையில் வடகரைக்காரர்கள் துண்டை வீசினார்கள். தென்கரையில் சத்தமே இல்லை. கரிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு துடுப்பைப் போட்டேன். வேறெங்கும் பார்க்கவில்லை. நாற்பது நாள், நாற்பது நாள் என்று இழுப்புக்கு ஒரு தரம் சொன்னேன், எதற்கென்று தெரியவில்லை.

கல்லைத் தாண்டினபிறகு வாடை கிளம்பியது. வடக்கிலிருந்து, நேரே எங்கள் முதுகுக்கு. கண்மாய் முழுதும் சுருக்கம் விழுந்து, சுருக்கம் அலையாயிற்று. ‘அலையில்லாட்டி நிக்கும்’ என்று ஆசாரி சொன்னது ஞாபகம் வந்தது. முதல் அலை பலகைமேல் ஏறிக் கால்மேல் ஓடி இறங்கிப் போனது. நான் நின்றேன். இரண்டாவதும் அப்படியே. ஏழு விரல் மரமும் பத்து மணங்கு ஆளும் சேர்ந்ததை அலைக்கு அசைக்கப் பிடிக்கவில்லை போலும். அப்புறம்தான் கவனித்தேன், துடுப்பை எடுத்தபிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன். காற்று என் முதுகைக் கண்டுபிடித்துவிட்டது. தொண்டித் துறையில் இவ்வளவு பெரிய பாய் விரித்த தோணி ஏதும் இல்லை. இதை மட்டும் மிகை என்று எவனாவது சொல்லட்டும், செக்காலைத் தராசைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

செம்மலையின் பலகை இரண்டு விரல் மரம். அலை வந்தபோதெல்லாம் அதன் மூக்கு உள்ளே போனது. அவன் துடுப்பை நிறுத்திவிட்டு நிற்பதற்கே பாடுபட்டான். முழங்கால் வளைந்தது, நிமிர்ந்தது, வளைந்தது. கெட்டிக்காரன், விழவில்லை. நான் பக்கத்தில் வந்தபோது மீன்நாற்றத்தில் மூக்கைச் சுளித்தான். அவ்வளவு நெருக்கம். கலுங்குக்குப் பத்துப் பாகம் இருக்கும்போது என் இடதுகால் கரிக்கோட்டைவிட்டு நழுவி, முழங்கால் பலகைக்கு ஒரு சாண்… ஒரு விரல்… எப்படி எழுந்தேனோ. துடுப்பை நீட்டாமல் கையை நீட்டிக் கல்லைத் தொட்டேன். கல் சூடாக இருந்தது.

இரண்டு பலகை நீளத்துக்குப் பின்னால் அவன் வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, “மாமா, அடுத்த வருசத்துக்கு இன்னிக்கே திங்க ஆரம்பிக்கிறேன்” என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம்.

தென்மடையைத் திறந்தார்கள். கூட்டம் என்னைச் சுற்றி நின்றது. ஏதாவது சொல்லுங்க, சொல்லுங்க என்றது. நான் கூட்டத்துக்கு மேலாகத் தங்கச்சியைத் தேடினேன். பொன்னுத்தாயி என் பக்கம் வரவில்லை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்காலில் முதலில் ஓடின தண்ணீரின் கூடவே நடந்துகொண்டிருந்தாள், அது நின்றால் நின்று, ஓடினால் நடந்து, கடைசி வயல்வரைக்கும்.

கார்த்திகை 13

நடவு. பதினான்கு பெண்கள். வரப்பில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறேன் என்றேன். “வரப்பு உடைஞ்சிரும், எந்திரிங்கண்ணே.”

மார்கழி 19

நெற்குப்பை. தங்கச்சி வயலில் பயிர் பச்சைக்கட்டி நிற்கிறது. இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டேன், இன்னொரு தரம் போனால் என் வீட்டு வயலை யார் பார்ப்பது என்கிறாள் வீட்டுக்காரி. நியாயம். நாளை போய்விட்டு உடனே வந்துவிடுகிறேன்.

மாசி 24

தங்கச்சி களத்தில் கதிரடிப்பு. நான் போனபோது நெல் தூற்றி முடித்துக் குவித்திருந்தார்கள். வைக்கோல் மலைபோல் கிடந்தது. நிஜமாகவே, என் அளவுக்கு.

குழந்தைவேலு தம் இரண்டு வண்டிகளையும் மாடுகளையும் கொண்டுவந்திருந்தார். வைக்கோலை ஏற்றிக்கொண்டு களத்தின் நடுவில் நின்று இங்குட்டும் அங்குட்டும் பார்த்தார். பிறகு பொன்னுத்தாயி இருந்த பக்கம் திரும்பி, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“வைக்கப் படப்ப எங்குட்டுப் போடணும் தாயி?”

அவள் யோசித்தாள். கிணற்றுக்கு மேற்கே கையைக் காட்டினாள்.

அங்கேயே போட்டார்.